ஒரே பாத்திரத்தில் உண்பவர்

அத்ரே எல்லையில் ஒரு பள்ளிக்கூடம்.
தகரக் கூரையில் இரண்டு ஓட்டை.
வெயில் அவற்றின் வழியே வந்து
பத்து மணிக்கு என் காலிலும்
நண்பகலில் கரும்பலகையிலும் விழும்.

இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள்.
செவிலியர் ஆறு, மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
ஆடுகளுக்கு மட்டுமே ஊசி போட்டிருந்த அபக்கர்,
மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டில்
கல்லூரியே எரிந்துபோன இசாக்கா.
ஐந்து நாளில் இவர்களுக்குச்
சாவைக் கணக்கெடுக்கச் சொல்லித்தர வேண்டும்.

முதல் நாள் தண்ணீர்.
ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர்
என்று எழுதினேன்.
"ஒட்டகத்துக்கா, ஆசிரியரே?"
பின்வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன். அழிக்கவில்லை.

அடுத்த நாள், குழந்தையின் மேற்கையில் சுற்றும் நாடா.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
மருந்துக்கடைக்காரர் தன் பேனாவில் சுற்றிப் பார்த்துவிட்டு
"சிவப்பு, உடனே சேர்க்க வேண்டும்" என்றார்.

பத்தாயிரம் பேரில்
நாளொன்றுக்கு ஒருவர் இறந்தால் அவசரநிலை.
"ஒன்றுக்குக் குறைந்தால்?" என்றான் இசாக்கா.
வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பக்கத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தேன்.

நான்காம் நாள் வீட்டுக்கணக்கு.
குடும்பம் என்றால் ரத்தம் இல்லை, கூரையும் இல்லை,
ஒரே பாத்திரத்தில் உண்பவர் என்றேன்.
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.
அது அவர்களுக்குத் தெரியும்.

சீட்டுக் குலுக்கியதில்
தாஜெதீன் கணக்கெடுப்பவன்,
கல்தூமா வீட்டுக்காரி.
அவளுக்கான கதையை
முந்தின இரவு டார்ச் வெளிச்சத்தில் நான்தான் எழுதினேன்:
ஏழு பேர், ஒரு சாவு, தட்டம்மை.

"நோன்பு மாதம் தொடங்கிய அன்று
இந்த வீட்டில் ஒரே பாத்திரத்தில் உண்டவர் எத்தனை பேர்?"

"பதினொன்று."

தாஜெதீன் என்னைப் பார்த்தான்.
மறந்துவிட்டாள் போல என்று நினைத்துத்
தொடரச் சொல்லித் தலையசைத்தேன்.

"இன்று?"

"நாலு.
அதில் ஒருவன் அடுத்த வீட்டுப் பையன்.
வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டவன்.
அவனை 'வந்து சேர்ந்தவர்' என்று எழுது.
பிறப்பில் போட்டுவிடாதே, கணக்குக் கெட்டுப்போகும்."

தாளில் இருந்த ஏழு
அவள் மடியில் குப்புறக் கிடந்தது.

"இறந்தவர்?"
"மூன்று."
"வெளியே போனவர்?"
"மூன்று. அபெஷேயில் இருக்கிறார்கள், போன் வந்தது."

தாஜெதீன் விரல்விட்டுக் கூட்டினான்.
மறுபடியும் கூட்டினான்.
"இரண்டு பேர் குறைகிறார்கள், அக்கா."

"ஆமாம்" என்றாள். "உன் படிவத்தில்
அவர்களுக்குக் கட்டம் இல்லை."

ஓட்டையிலிருந்து விழுந்த வெயில்
நகர்ந்து நகர்ந்து
கரும்பலகையின் பதினைந்தைத் தொட்டது.
அபக்கர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.
காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

தேநீர் வேளையில் வந்து கேட்டாள்:
"பயிற்சியில் சொன்னது
உண்மைக் கணக்கில் சேருமா?"

சேராது.
எந்தக் கூடாரம் என்பதை எண்கள்தான் தேர்ந்தெடுக்கும்,
நாம் தேர்ந்தெடுத்தால் கணக்கு சாய்ந்துவிடும்,
இதையும் நான்தான் இரண்டு நாள் முன்பு சொல்லிக்கொடுத்தேன்.
அதையே மறுபடி சொன்னேன்.
சரியான பதில்தான்.
சர்க்கரை கரையாமல் குவளையின் அடியில் கிடந்தது.

அன்றிரவு படிவத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டேன்.
தலைப்பு எழுத வெகுநேரம் ஆனது.
காணாமல்போனவர் என்றால்
தேடுகிறார்கள் என்று பொருள் வரும்.
கடைசியில் 'தெரியவில்லை' என்றே எழுதினேன்.

ஐந்தாம் நாள் காலை
எண்கள் விழுந்தன. நாற்பது கூடாரம்.
அவளுடையது இருநூற்றுப் பதினான்கு.
வரவில்லை.

பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு
அட்டையில் தாளைக் கவ்வி, பென்சிலைச் சீவிக்கொண்டு
அறுபத்தெட்டாம் கூடாரத்தின் வாசலில்
செருப்பைக் கழற்றி உட்கார்ந்தாள் கல்தூமா.
முதலில் மசாலித் மொழியில் நலம் விசாரித்தாள்,
கழுதையைப் பற்றி, மழையைப் பற்றி.
பிறகு கேட்டாள்:
நோன்பு தொடங்கிய அன்று
உங்கள் பாத்திரத்தில் எத்தனை பேர்?

உள்ளே இருந்தவள்
விரல்களை மடக்கத் தொடங்கினாள்.
ஒரு கை முடிந்து
மறு கைக்குப் போனாள்.

கல்தூமா அவசரப்படுத்தவில்லை.