அறுபது சென்டிமீட்டருக்கு மேல்

ஜவளகிரி ரோட்டில், மூன்றாவது மதகருகே
வேன் பஞ்சரான அன்றுதான் பார்த்தேன்.
பைரப்பா ஜாக்கியோடு மல்லுக்கு நின்றார்.
யானை இறங்குகிற நேரம் என்று
மற்றப் பெண்கள் யாரும் இறங்கவில்லை.
எனக்கு அவசரம். ஒதுங்கப் போனேன்.
மறைவுக்கு நான் தேர்ந்தெடுத்த புதர்
விசிறி விரித்துக்கொண்டிருந்தது.

இஞ்சியா?
இஞ்சி இலை தண்டைச் சுற்றி வரும்.
இது ஒன்றின் மடியில் ஒன்றாக, தட்டையாக,
ரம்மி ஆடுகிறவன் கையில் சீட்டு.
வசம்பா? கசக்கி முகர்ந்தேன்.
வசம்பென்றால் கை ராத்திரி வரை
சொல்லிக்கொண்டே இருக்கும்.
இது எதுவும் சொல்லவில்லை.

போன் நான்கு பெயர் சொன்னது,
முதல் பெயர் கிளாடியோலஸ்.
என்னிடமா?
இரண்டு வருஷம் அதைக் கட்டுக் கட்டியவள் நான்.
அதன் கிழங்கு உருண்டை.
கிரேடிங் கத்தரியால் கிளறிப் பார்த்தேன்:
படுத்த கிழங்கு, விரல் விரலாக,
முறிந்த இடத்தில் மஞ்சள்.
நாக்கில் வைக்கவில்லை. அவ்வளவு தைரியமில்லை.
ஒரு விரல் எடுத்துக்கொண்டு
மிச்சத்துக்கு மண் மூடினேன்.

பெலகொண்டபள்ளி பாலிஹவுஸில் என் வேலை அளப்பது.
நாற்பது, ஐம்பது, அறுபது.
அறுபதுக்கு மேல் போன ரோஜா விமானம் ஏறும்.
கழுத்து வளைந்தது ஓசூர் மார்க்கெட்டோடு சரி.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பெயின்ட் டப்பா.
அடியில் ஆணியால் ஏழு ஓட்டை.
குவாரித் தூள் பாதி, செம்மண் பாதி.
முதல் தவறு, ஆழப் புதைத்தது.
அதன் முதுகுக்கு ஒரு விரற்கடை மண் போதும்.
இரண்டாவது தவறு பாசம்:
தினம் தண்ணீர் விட்டு ஒரு பக்கம் அழுகவிட்டேன்.
அழுகலைச் சீவி, சாம்பல் தடவி, மறுபடி வைத்தேன்.
"பூக்காத செடிக்கு இவ்வளவு உபசாரம்,
உன் வீட்டுக்காரருக்குக்கூட"
என்று ஆரம்பித்த நாகவேணி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முதல் வருஷம் இலை. இலை மட்டும்.

இரண்டாவது ஆடிக் காற்றில்
விசிறிக்கு நடுவே ஒரு தண்டு.
ஒரு நாள் விடிந்ததும் ஆறு இதழ், ஆரஞ்சு,
பீட்ரூட் நறுக்கிய கையை
யாரோ உதறிவிட்டுப் போன சிவப்புப் புள்ளிகள்.
ஷிப்ட் முடிந்து வருவதற்குள்
தானே தன்னைப் பிழிந்துகொண்டிருந்தது,
ஈரத் துணியை முறுக்குகிற அதே முறுக்கு.
பக்கத்தில் நாளைய மொட்டு.

தர்மபுரியில் தாவரவியல் படிக்கிறாள்
நாகவேணியின் நாத்தனார் மகள் சௌடேஸ்வரி.
படம் அனுப்பினேன். "ஐரிஸ்" என்றாள்.
ஐரிஸுக்கு மூன்று நிற்கும், மூன்று தொங்கும்,
கம்பெனி காலண்டரில் பார்த்திருக்கிறேன்,
இதற்கு ஆறும் சமமாச்சே என்றேன்.
அதனால்தான் ரொம்ப காலம்
வேறு குடும்பப் பெயரில் இருந்ததாம்.
மரபணு பார்த்த பிறகுதான்
சொந்த வீட்டில் சேர்த்துக்கொண்டார்களாம்.
"காட்டுச் செடியா?"
"இல்லக்கா, சீனாப் பக்கம்.
எவனாவது பங்களாக்காரன் வைத்திருப்பான்,
வேலி தாண்டியிருக்கும்."
தாண்டி எத்தனை வருஷம் போனால் காடு?
இரண்டு நீல டிக்.
பதில் வரவில்லை.
என் ரேஷன் கார்டு இன்னும் பாலக்கோட்டில் இருக்கிறது.

மார்கழியில் காய் வெடித்தது.
தோல் பின்னால் மடிந்துகொள்ள
கருகமணி போல விதைகள், உதிராமல்.
கொண்டைக்குருவி பழமென்று கொத்தியது,
சதையில்லை, போய்விட்டது.
மறுநாளும் வந்தது.

பழக்க தோஷம், தண்டை அளந்தேன்.
எண்பத்து மூன்று.
ஆனால் ஒரு பகல் தாங்காத பூவை
எந்தப் பெட்டியில் அடுக்க?
நோட்டில் நீளம் எழுதி
கிரேடுக்கு நேரே கோடு போட்டேன்.

இன்றைக்கு ஜவளகிரி டிரிப்.
மூன்றாவது மதகில் இரண்டு நிமிஷம்
நிறுத்தச் சொன்னேன்.
"மறுபடியும் அவசரமா?" என்றார் பைரப்பா.
முந்தானை முடிச்சில் பதினொரு விதை.
ஆமாம் என்றேன்.