அரைப்பேர்

இங்கே தோட்டப் பிரிவைக் கணக்கு என்பார்கள்.
மேற்கணக்கு, நடுக்கணக்கு, ஆத்துக்கணக்கு.
ஒரு நாள் கூலிக்குப் பேர் என்றே பேர்.
பதினெட்டு கிலோ கொழுந்தெடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
கொழும்பிலிருந்து வந்த முதல் நாள்
இதொன்றும் தெரியாது எனக்கு.
"போன மாசம் பதினோரு பேருதான்" என்றாள் ஒருத்தி.
குடும்பத்தில் பதினொருவர் என்று குறித்துக்கொண்டேன்.

கிளன்மோரி தோட்டத்து ஆபீஸ்.
ஈரத்தில் ஊதிய செக்ரோல்கள், இருபத்தாறு மாதத்துக்கு.
பெரிய கிளாக்கர் அமலதாசன்
தேத்தண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்:
"மழை நாடு மேடம். எழுத்து கரைஞ்சிடும்."
கரையவில்லை.

முதலில் அகப்பட்டது மழைதான்.
ஃபெக்டரியின் மழைக் கொப்பியில் ஜூன் ஒன்பது:
நூற்று எழுபது மில்லிமீற்றர். பாலம் போன நாள்.
பிரட்டுக்களத்தில் ஒரு குஞ்சும் இல்லை.
செக்ரோலிலோ பத்தொன்பது பேர் மலையில் நின்றிருந்தார்கள்,
ஆளுக்குச் சரியாகப் பதினெட்டு கிலோ.
மனுசக் கை பறித்தால் எடை அப்படி வராது.
பதினேழரை வரும், இருபத்தொன்று வரும்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்பது வரும்.

சங்கத்தின் சாவுக்காசுக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன்.
பெட்டிச் செலவு, கோடித்துணி, தப்புக்காரருக்கு.
பத்தொன்பது பெயரும் அதில் இருந்தன.
நம்பர் 214, சடையாயி. தை மாதம் புதைத்தது.
மாசியிலிருந்து இருபத்தைந்து பேர், மாதம் தவறாமல்.
உயிரோடிருந்த காலத்தில்
பதினான்குக்கு மேல் விழுந்ததேயில்லை அவளுக்கு.

பதின்மூன்று மாதம், ஆறாயிரத்து நூற்று எழுபத்தைந்து பேர்.
பேருக்கு ஆயிரம்.
தலவாக்கலை வங்கியில் அமலதாசனின் மச்சான் பெயரில் ஒரு கணக்கு,
அங்கிருந்து நாவலப்பிட்டியில் ஆணிகூட விற்காத ஒரு ஹாட்வெயார்,
அதிலிருந்து லொறிக்கு லீசிங்,
ரயில் மாதிரி வளைந்து வளைந்து கீழிறங்கி
கடைசியில் வத்தளையில் டைல்ஸ் பதித்த ஒரு மாடி.
எல்லாவற்றுக்கும் துண்டு இருந்தது.
ஆபீசுக்கும் வங்கிக்கும் நடுவில் மட்டும் இல்லை.
அங்கே அது வெறுங்காசு. வெறுங்காசுக்கு வாயில்லை.

சம்பளத்தாளில் கைநாட்டுகள், ஊதா மையில்.
லென்சை வைத்தேன்.
ரேகைக்குக் குறுக்கே வெள்ளையாய் ஒரு வெட்டு.
கவ்வாத்துக் கத்தியாக இருக்கும்.
செத்த பத்தொன்பது பேருக்கும் அதே வெட்டு.

மறுநாள் ஆத்துக்கணக்கில் கொழுந்து நிறுக்கும் இடத்தில்
தராசைப் பார்ப்பவள் போல நின்றேன்.
பார்த்தது பெருவிரல்களை.
முப்பது, நாற்பது, கறையேறிக் கறுத்த விரல்கள்.
பிறகு அந்தக் கோடு.
யோகராணி. சடையாயியின் மகள்.

மறைக்கவில்லை.
"ஒரு நாட்டுக்கு நூறு ரூவா தந்தாங்க.
மொத மாசம் அம்மா பேருக்கு வைக்கக்குள்ள கை ஒதறிச்சு.
பொறகு பாத்தேன், அம்மாவுக்கு இருவத்தஞ்சு பேர் விழுந்திருந்திச்சு.
சந்தோசமாத்தான் இருந்திச்சுங்க."

அன்று மாலை அமலதாசன் மறுபடி தேத்தண்ணியோடு வந்தார்.
"அந்தப் புள்ளைய விட்டுடுங்க மேடம், பாவம்."
உண்மையாகவே கலங்கியிருந்தார்.
அவளை விட்டால் விரல் யாருடையதும் இல்லை.
விரல் இல்லாவிட்டால்
காசு அவர் மேசைக்கு வந்ததே இல்லை.

மண்ணெண்ணெய் மணக்கும் விடுதி அறையில்
இரவு இரண்டு மணிவரை அந்த ஒரு வரி.
இருநூற்று நாற்பத்தேழு கைநாட்டு.
இருபத்து நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.
பெற்றவர்: யோகராணி, நம்பர் 388.
எழுதி, அடித்து,
திரும்ப எழுதினேன்.

காலையில் நகலெடுக்க அந்த மாத செக்ரோலைத் திறந்தேன்.
முந்தின நாளின் கட்டத்தில், 388க்கு நேரே,
பென்சிலால் ½.
கூடை நிறையாமல் அவளை நிறுத்திப் பேசியது நான்,
முக்கால் மணி நேரம்.
அந்த ஐந்நூறு ரூபாயை
எந்த அட்டவணையில் சேர்ப்பது என்று
அறிக்கை போன பிறகும் தெரியவில்லை.