அளவுத் தகடு எண் 7

ஊத்தான் மெலிந்தாங்கில் மலை கிடையாது.
செம்பனை, அதன் பின்னே செம்பனை,
அப்புறம் ஆறு.
ஆறும் படுத்தே கிடக்கும்.

தமிழ்ப்பள்ளிக்குப் புதிய மண்டபம்.
துளைக்கருவி பதினெட்டு மீட்டர் இறங்கியும்
மேலே வந்தது தயிர்போல் களி.
உள்ளே ஒரு கடற்சிப்பி, உடையாமல்.

அதனால்தான் மலை.
நாலு மீட்டர் உயரம், நானூறு லோரி செம்மண்.
அடியில் மீட்டருக்கு ஒன்றாய்
தண்ணீர் ஏறிவர நாடா வடிகால்கள்.

"மண்மேல் மண்ணைக் கொட்டி
அதே மண்ணை அள்ளிப் போக
ஆறு மாசமா? அரை மில்லியனா?"
வாரியத் தலைவர் பரஞ்சோதி
கல்நாட்டு அழைப்பிதழை அச்சுக்கே கொடுத்துவிட்டார்,
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.

நான் காலை ஏழரைக்கு வருவேன்.
மட்டக்கருவியை நிறுத்தி, தண்டின் கோட்டைப் பார்த்து
மழையா வெயிலா என்று ஓரத்தில் குறித்து
எண்ணை எழுதுவேன்.
முதல் வாரம் எழுபத்தொரு மில்லிமீட்டர்.
வேலியோரக் கால்வாயில்
தே ஓ நிறத்தில் பழைய தண்ணீர்.
ஒரு நாய் முகர்ந்துவிட்டுப் போனது.

பள்ளி விட்டதும் பையன்கள் ஏறினார்கள்.
விரட்டினேன். மறுநாளும் ஏறினார்கள்.
"டீச்சர், இங்கேருந்து கடல் தெரியுது!"
நான் டீச்சர் இல்லை.
அது கடலும் இல்லை, ஆலையின் தகரக் கூரை.
சொல்லவில்லை.

தலையில் என்ன, களிமண்ணா என்று
இரண்டாம் படிவத்தில் என்னைக் கேட்டவர்
களிமண்ணை அறியாதவர்.
சுமந்ததிலேயே பெரிய சுமை எதுவோ
அதைக் களி மறப்பதில்லை.
அதைவிடக் குறைந்த எதை வைத்தாலும்
பிறகு பெரிதாய் அசையாது.

தீபாவளி போனது. அடைமழை போனது.
வாரத்துக்குப் பன்னிரண்டு, பின்பு மூன்று.
தலைவர் போனில் கேட்டார்.
ஒன்று என்றேன்.
"ஒன்றுமில்லையா? அப்போ ஆரம்பிக்கலாம்!"
இல்லை ஐயா. ஒன்று.
இன்னும் ஒன்று இருக்கிறது.

மார்ச்சில் ஆ லியோங்கின் மண்வாரி வந்து
மலையை மூன்றே நாளில் தின்றது.
தெலுக் இந்தான் சாலையில் யாருடைய பள்ளத்துக்கோ
லோரி லோரியாய்ப் போனது.
வேலிக் கம்பியில் நெற்றியை அழுத்தி
ஒருவன் பார்த்துக்கொண்டே நின்றான்,
கடலைப் பார்த்தவன்.

கடைசி அளவு எடுத்தேன்.
சுமை நீங்கிய நிலம்
நான்கு மில்லிமீட்டர் மேலே வந்திருந்தது.
இன்னொரு முறை பார்த்தேன். நான்கேதான்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
மீட்சி என்று எழுதினேன்,
அதுதான் துறையில் வழங்கும் சொல்.
பிறகு பரஞ்சோதியைக் கூப்பிட்டு
தேதி போடச் சொன்னேன்.