இரண்டு இருட்டுகள்

லென்ஸுக்கு மூடியைப் போட்டுவிட்டுப் படம் எடுங்கள் என்றார்
போரா பஜார் கேத்தன்பாய்.
வெயிலில் எல்லா கேமராவும் நல்ல பிள்ளைதானாம்,
இருட்டைக் காட்டினால்தான் குணம் தெரியுமாம்.

முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டையும் கொடுத்தார், திங்கள்வரை.
ஒன்று பழசு. சின்ன சென்சார், ஒன்பது வயது,
பிடியில் ரப்பர் உரிந்த இடத்தில்
யாரோ சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.
மற்றது முழு ஃப்ரேம்.
விலை பேசியது செல்வின், பணம் எண்ணியதும் அவன்தான்.
நான் வாசலில் நின்று மழை பார்த்தேன்.

தாராவி, தொண்ணூறடிச் சாலை, மாடி அறை.
கட்டிலில் பக்கம் பக்கமாக வைத்து
மூடி போட்டபடி முப்பது நொடி.
ஒன்றுமில்லாததை இரண்டு முறை எடுத்தேன்.

லேப்டாப்பில் பெரிதாக்கினால்
பழசின் ஒன்றுமில்லாததில் ஒரே ஆள் நடமாட்டம்.
சிவப்பும் நீலமுமாய் மணல்,
குறுக்கே சாயம் போன புடவைக்கரை போலக் கோடுகள்,
வலது ஓரம் அணையவே அணையாத ஒரு பிக்சல்:
ஊர் உறங்கியபின் ஒரு வீட்டில் மட்டும் எரியும் பல்பு.
இந்த மணலுக்கு இரைச்சல் என்று பெயர்.
கண்ணுக்கு மட்டும் கேட்கும்.

புதுசின் இருட்டோ
கழுவிக் கவிழ்த்த இட்லிச் சட்டியின் உள்பக்கம்.

"அப்புறம் என்ன, முடிவு தெரிஞ்சிட்டே" என்றான் செல்வின்.
இரண்டு நாளாய்க் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருக்கிறான்,
மழைச் சளி என்று.

தெரியவில்லை. நாம் எடுப்பது இருட்டையா?
சயான் மண்டபங்களில்
பாதி எரியும் டியூப்லைட்டுக்குக் கீழே
வியர்த்து நிற்கும் நம் ஆட்களை.
நம் நிறத்தின்மேல் நிழல் விழுந்தால் போதும்,
மட்டமான சென்சார்
கத்தரிக்காய் ஊதாவை அள்ளி அப்பிவிடும்.
பெண்ணின் அம்மா ஆல்பத்தோடு திரும்பி வருவாள்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நில் என்றேன்.
மணி ஆறே முக்கால். கரண்ட் வேறு இல்லை.
அதே லென்ஸ், அதே வேகம், ஐ.எஸ்.ஓ. ஆறாயிரத்து நானூறு.
"சிரிக்கணுமா?"
"வேண்டாம். மூக்கைச் சொறியாம இரு."

பிறகு நிழலை மட்டும் நான்கு படி ஏற்றினேன்.

பழசில், செல்வின் மாதிரி ஒருவன்.
காது எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது,
அதைக் கேட்கக் கூடாது.

புதுசில், மழைத்தண்ணீர் வடிய வடியத் தெரு தெரிவதுபோல்
அவன் வந்தான்.
காலையில் பிளேடு கீறியது, கன்னத்து அம்மைத் தழும்பு,
பின்னால் கேஸ் சிலிண்டரில் சாக்பீஸால் எழுதிய எண்,
சொன்ன நேரத்தில் எப்போதோ கழன்றிருந்த பொத்தான்,
காலருக்குள் கழுத்து.

கழுத்து மட்டும்.

மறுபடி பழசுக்குப் போனேன்.
அதே இடத்தில் மஞ்சளாய்ச் சில புள்ளிகள்.
சங்கிலி என்று நினைத்தால் சங்கிலி.
நேற்றுவரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன் அவனை,
குறைந்த வெளிச்சத்தில்,
மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டு.

இருநூறு சதவீதத்தில்
தோல் சற்றே வெளுத்த ஒரு மெல்லிய கோடு.
கல்யாணத்தன்று என் அண்ணன் போட்டுவிட்டது,
பதினொரு வருடம் கிடந்த தடம்.
ஒரு பொட்டு இரைச்சல் இல்லை.

"எது தேவலாம்?" தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.
திரை வெளிச்சம் மேலே பட்டதும்
காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

புதுசில் சார்ஜ் இறங்கிப்போச்சு,
நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றேன்.

மூன்று கட்டை அப்படியே நின்றது.
கைவிரலால் மறைத்துக்கொண்டு
மூடியைத் தேடினேன்.