தையல் கடையில் நூலு

கீரி இல்லை.
மரநாயும் இல்லை.
மார்த்தாண்டம் சந்தைக்குப் போகிற வழியில்
கடைக்குள் எட்டிப்பார்க்கிற எல்லாருக்கும்
இதைச் சொல்லிச் சொல்லியே
வாயில் குண்டூசி கவ்வும் பழக்கம் விட்டுப்போனது.

ஃபெரெட் என்றேன்.
"அது பிஸ்கட்டுக்க பேரில்லா?" என்றாள் குளோரிபாய்,
ஜாக்கெட்டுக் கை பிடிக்கிறதென்று
மூன்றாம் தடவை வந்தவள்.

மாடியில் இருந்த வங்கி மேனேஜர்
மாற்றலாகிப் போனபோது
கூண்டு, தண்ணீர்க் குப்பி, தடுப்பூசிச் சீட்டு எல்லாம் இறக்கி
"பத்தே நாள், ஜாஸ்பர்" என்றார்.
அது முந்தின ஓணத்துக்கும் முந்தின ஓணம்.

அவர் வைத்த பெயர் என் நாக்கில் நிற்கவில்லை.
கதவிடுக்கு, மேசை இழுப்பறையின் முதுகு,
என் பேண்டின் ஒரு காலில் ஏறி
மறுகாலில் இறங்குகிற வழி,
எதிலும் கோத்துக்கொண்டு போகிற இதை
நூலு என்று கூப்பிட்டேன்.
கூப்பிட்டால் வராது.
பாலித்தீன் கவர் கசங்கினால் வரும்.

பகலெல்லாம் தூக்கம்.
முதல் வாரம் தூக்கிப் பார்த்தேன்,
நனைந்த துணிபோல் இரண்டு பக்கமும் தொங்கியது.
மேனேஜருக்கு என்ன சொல்வதென்று
ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கையில்
கொட்டாவி விட்டது.

விழித்தால் மட்டும் வேறு ஆள்.
முதுகை வில்லாக்கிப் பக்கவாட்டில் குதித்து,
சுவரில் இடித்து, அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு
டுக் டுக் டுக் என்று
எண்ணெய் விடாத தையல் மிஷின் மாதிரி.

மிச்ச லைனிங் துணியில் தொட்டில் தைத்துக் கட்டினேன்.
நாலு மூலைக்கும் இரட்டைத் தையல்.
எந்தக் கல்யாண கவுனுக்கும்
இவ்வளவு பார்த்ததில்லை.
சித்திரையில் நாக்கைத் தள்ளிக் கிடந்தது.
மீன் கொண்டுவரும் மரியபுஷ்பத்திடம் ஐஸ் கேட்டேன்.
"சாளைய விட்டுட்டு ஐஸுக்கு வெலை பேசுத ஆளு
நீரு ஒருத்தருதான் வே."
குப்பியில் போட்டு, துவர்த்து சுற்றி,
தொட்டிலுக்கு அடியில்.

முன்பு காசு எண்ணிவிட்டுக் கடை அடைப்பேன்.
இப்போது ஊசி எண்ணிவிட்டு.

நாற்றம் உண்டு. மறைக்கவில்லை.
ஞாறாம்விளைப் பெண் ஒருத்தி
கவுனை முகர்ந்து பார்த்து வாங்கிப் போனாள்.
அவளுடைய வெள்ளைக் கையுறை ஒன்று காணாமல்போய்
இரவோடு இரவாக வேறு தைத்தது
அவளுக்குத் தெரியாது.

மாசிக் கடைசி.
ரப்பர் துளிர்த்து, தோட்டமெல்லாம் தேன்பெட்டி.
காலையில் நூலு தரையில் கிடந்தது.
கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை.
பின்னங்கால்கள் தண்ணீரில்லாமல் நீந்தின.
வாயோரம் நுரை.

நாகர்கோவில் கால்நடை டாக்டர் போனில்
"இதை நான் படத்தில்தான் பார்த்திருக்கேன்" என்றார்.
பிறகு சென்னையில் யாரிடமோ கேட்டுக் கூப்பிட்டார்:
"ரத்தத்துல சர்க்கரை எறங்கியிருக்கு.
ஈறுல தேன் தடவும். ஒடனே."

இந்த ஊரில் தேனுக்கா பஞ்சம்.
பக்கத்துக் கடை விஜில்
அந்த நேரத்திலும் கேட்டான்,
"சிறுதேனா, ரப்பர் தேனா?"

விரலில் தொட்டு
அந்த ஊசிப் பற்களுக்கு மேலே தேய்த்தேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி.
தெருவில் பஸ் போனது, கண்ணாடி அதிர்ந்தது.
மறுபடி.
பிறகு விரலில்
நூல் முனையைவிடச் சின்னதாய் ஒரு நாக்கு.

கணையத்தில் கட்டியாம். ஆறாது,
மருந்தில் கொஞ்சம் ஓட்டலாம் என்றார்கள்.
காலையும் மாலையும் சொட்டு மருந்து.
நாலு மணிக்கொருதரம் கோழி ஈரல்.
இனிப்பு, அந்த மாதிரி விழுந்தால் மட்டும்.

அன்று அதைத் தேடி இழுத்த அலமாரிக்குப் பின்னால்
பாபின் ஏழு, மார்க்கிங் சாக்கு, ஒரு சாவி,
இஞ்ச் டேப்பில் கடைசி எட்டு அங்குலம்.
எல்லாவற்றுக்கும் மெத்தையாய் அந்தக் கையுறை.
சாவியை மட்டும் எடுத்தேன்.
அலமாரியைத் தள்ளி வைத்தேன்.

ராத்திரி இரண்டுக்கு அலாரம்.
கோட்டாற்றில் இருந்து அக்கா போனில் கேட்கிறாள்:
ஒரு எலிக்காவா ஒறக்கம் முழிக்கே?
எலியும் இல்லை, அக்கா.

ஈரலைத் தின்றுவிட்டு
என் நடுவிரலில் இருந்த அங்குஸ்தானை
மெதுவாகக் கழற்றிக்கொண்டு
அலமாரிப் பக்கம் நடக்கிறது.
நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.
இரண்டாக வாங்கினால் விலை குறைப்பான்.