ஏழாம் ஏலம்

பாலக்கோடு மண்டியில் அன்றைக்குத் தக்காளி
கிலோ மூன்று ரூபாய்.
பறிகூலிக்குக் கட்டாது என்று
பாதிப் பேர் செடியிலேயே விட்டுவிட்டார்கள்.
மாரண்டஅள்ளி ரோட்டோரம்
யாரோ டெம்போவோடு கொட்டிவிட்டுப் போனதை
மாடுகள்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தன.

நான் கணக்கு எழுதுகிறவள்.
வரவுக்கு நீலம், செலவுக்குச் சிவப்பு.
கொடிநாள் வந்தால் மட்டும் தனியாக ஒரு நோட்டு,
அட்டையில் ‘பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகள்’
என்று நானே எழுதியது.
பதினோரு பேர்.
பரீட்சைக் கட்டணம், டியூஷன், வேன் பாக்கி,
ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி.
லோடுக்கு ஒரு கிரேட் கேட்டு வாங்கி
விற்றுச் சேர்ப்பது வழக்கம்.
மூன்று ரூபாய்க்கு எதை விற்க,
என்னத்தைச் சேர்க்க?

“இந்த வருசம் விட்டுடலாம்” என்றார்
வியாபாரிகள் சங்கத்துப் பொருளாளர்.
யாரும் மறுக்கவில்லை.
சரி என்றும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு மாதையன் வந்தார்,
எக்ஸெல் வண்டியின் பின்னால்
டயர் ரப்பரில் கட்டிய ஒரே ஒரு கிரேட்.
“பட்டாளத்துக் கணக்குக்கு இது.
மத்ததெல்லாம் கொல்லையிலயே கெடக்கு.”

ஏலம் கூவுகிற முனிரத்தினத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது.
தொண்ணூறில் தொடங்கி நானூறில் நின்றது.
எடுத்தவர், பெங்களூருக்கு லோடு அனுப்பும் சமீவுல்லா.
நோட்டுகளை என் மேசையில் வைத்துவிட்டு
கிரேட்டைக் காலால் மெல்லத் திரும்பத் தள்ளினார்.
“மறுபடி கூவுங்க.”

மறுபடி எழுநூறு.
அதற்கும் மறுபடி.
மூட்டை தூக்குகிறவர்கள் ஆளுக்கு ஐம்பது போட்டு
ஒரே ஆளாக ஏலம் கேட்டார்கள்,
ஜெயித்ததும் விசிலடித்தார்கள்.
டீக்கடை எடுத்தது, திருப்பித் தந்தது.
தமிழ் தெரியாத மதனப்பள்ளி டிரைவர் ஒருவர்
இதென்ன ஒரே பெட்டியைப் பத்துத் தடவை என்று சிரித்தார்.
யாரோ தெலுங்கில் சொன்னார்கள்.
சிரிப்பை நிறுத்தி, சட்டைப் பையைத் துழாவி,
எண்ணாமல் வைத்தார்.
ஆறாவது ஏலம் பொருளாளருடையது.
எவ்வளவு என்று நான் எழுதியதை
யாருக்கும் படித்துக் காட்டக் கூடாதென்றார்.

வெயில் ஏறியது.
அடித்தட்டுப் பழங்கள் கசிந்து
கிரேட்டின் ஓட்டைகளில் ஈ மொய்த்தது.

“பத்து ரூபா.”

தரம் பிரிக்கிற இடத்திலிருந்து நாகவேணி.
கையில் சாறு, முந்தானையில் காம்பு.
கண்ணாடிக்காரியின் அம்மா.
என் நோட்டில் நான்காம் வரி.
புதிதாக வந்த பையன் ஒருவன்
காலையில்தான் அவளிடம் கேட்டிருந்தான்,
வீட்டுக்காரர் தவறிட்டாராக்கா என்று.
“எவன்டா சொன்னான்?
லடாக்குல இருக்காரு.
நேத்து ராத்திரிகூடப் பேசுனாரு.
அங்க தக்காளி கல்லா ஒறஞ்சுடுமாம்,
சுத்தியலால ஒடைக்கறாங்களாம்.”
சொல்லிவிட்டு அவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார்.
நான் மசி வைத்த விரலைப் பார்த்தேன்.
“பத்து ரூபா. ஒரு தரம்.”
சமீவுல்லா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்,
அது அடிக்கவே இல்லை.
“ரெண்டு தரம்.”
எடைத்தராசின் தட்டு ஒருமுறை ஆடி நின்றது.
“மூணு தரம்.”

எழுதினேன்:
நாகவேணி, தக்காளி, பத்து. நீலம்.
இரண்டு பக்கம் தள்ளி, சிவப்பில்,
அதே பெயர் ஏற்கெனவே இருந்தது.

மொத்தம் ஏழாயிரத்து முந்நூற்றுப் பத்து.
அந்தப் பத்தை எடுத்துட்டு
நூறா போட்டு முழுசாக்கிடலாமே என்றார் பொருளாளர்.
கூடாது என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

இடுப்பில் கிரேட்டோடு அவள் கேட்டைத் தாண்டும்போது
சேலை நனைந்து சொட்டிக்கொண்டு போனது.
மாதையன் பின்னாலேயே கத்தினார்:
“கிரேட்டு என்துமா, பேரு போட்டிருக்கும்.
நாளைக்குக் கழுவிக் கொண்டாந்துடு.”