விற்காத படங்கள்

ஏறும்போதே எடுத்துவிடுவேன்.
பேரீச்சம்பழத் தட்டுக்கும் காவாக் கோப்பைக்கும் நடுவே
ஒரு நொடி நிற்பார்கள், அது போதும்.
ஸ்மைல் என்பேன்.
எல்லா நாட்டுப் பற்களும்
அந்த ஒரு சொல்லுக்குத் திறக்கும்.

சட்டையில் சாம் என்று குத்தியிருக்கிறது.
சமயமுத்தில் மிச்சமிருந்தது
தேராவில் யாருக்கும் தேவைப்படவில்லை.

கீழ்த்தளத்தில், இன்ஜினுக்குப் பக்கத்தில், பிரிண்டர்.
அட்டைச் சட்டகத்தில் ஒட்டகமும் கோபுரமும்
முன்கூட்டியே அச்சாகி இருக்கும்.
ஆட்களை மட்டும் நடுவில் செருகவேண்டும்.

மேலே இரண்டு மணி நேரத்தில்
துபாயைக் காட்டி முடிக்கிறார்கள்.
ஒரு கரையில் பழைய காற்றுக்கோபுரங்கள்,
மறுகரையில் தங்கச் சந்தை, மசாலாச் சந்தை,
இடையில் ஒரு திர்ஹாமுக்குக் கடக்கும் அப்ராக்கள்.
நாளைக்கு மணல்மேட்டில் வண்டி,
வாந்தி வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடவும்
என்று மைக்கில் சிரிப்பாள் மரிசெல்.

ஈரானுக்குப் போகும் மரக்கலங்கள்
மூன்று வரிசையாய்க் கட்டிக் கிடக்கும்.
ஃப்ரிட்ஜ், டயர், பிளாஸ்டிக் நாற்காலி சுமந்து
பலகையில் ஏறுகிறவர்களைப் பார்த்து
எங்கள் படகு மொத்தமும் கையாட்டும்.
அவர்களில் ஒருவன் எப்போதும்
ஃப்ரிட்ஜை இறக்கிவைத்துவிட்டுத்
திருப்பிக் கையாட்டுவான்.
அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஹோஸாம் பாவாடையில் பல்பு எரியச் சுற்றுவான்.
இருபது நிமிடம் சுற்றினாலும் ஒன்றும் ஆகாது.
நின்றபிறகு நேராக நடக்கத்தான்
என் தோளைப் பிடிப்பான்.

அன்று கரூரிலிருந்து இரண்டு பெண்கள்.
ஏழு வருடம் சீட்டுக் கட்டி வந்த பயணம்,
பஃபே வரிசையில் காதில் விழுந்தது.
ஒருத்தி செல்லக்கிளி.
மற்றவளை அவள் 'ஏய்' என்றே கூப்பிட்டதால்
பெயர் தெரியவில்லை.

தமிழ் தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளக் கூடாது.
காட்டினால் ஐம்பது முப்பதாகும்,
முப்பது 'நம்மூர்ப் பையன்தானே' ஆகும்.
வாயை மூடிக்கொண்டு படத்தை நீட்டினேன்.

'கண்ணு மூடியிருக்குதுடி.'
'ஆயிரத்து நூறு ரூவாக் கண்ணு.'
'நாலு நாளா எதுக்கும் மூடாத கண்ணு,
இவன் கேமராவுக்கு மூடியிருக்குது பாரு.'
பிறகு படத்தை விட்டு என்னைப் பார்த்தாள்.
'நேத்து மால்ல கண்ணாடில ஒட்டிக்கிட்டுப் போச்சே திருக்கை,
அதே மூஞ்சிடி.
சிரிக்கிறானா அழுவறானான்னே தெரியல.'

'ஒன்லி ஃபிஃப்டி, மேடம்' என்றேன்,
திருக்கையின் முகம் மாறாமல்.

படகு கட்டியாயிற்று. பலகையில் தண்ணீர்.
'பாத்து, வழுக்கும்' என்று
வாய் சொல்லிவிட்டது.

செல்லக்கிளி ஒரு கால் கரையிலும்
ஒரு கால் பலகையிலுமாக நின்றாள்.
அவளுக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள்.
'அடப்பாவி' என்றாள்.
அப்புறம் சிரித்தாளே, அதில்
எல்லாப் பற்களும், கொஞ்சம் ஈறும்,
மூடாத இரண்டு கண்களும் இருந்தன.

கேமரா கீழே சார்ஜில் கிடந்தது.

பஸ் ஹாரன் அடித்தது.
ஓடிக்கொண்டே திரும்பி என்னவோ கேட்டாள்.
சாப்பிட்டியா என்றோ எந்த ஊரு என்றோ.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

பன்னிரண்டரைக்குக் கணக்கு.
விற்றது பதினெட்டு. விற்காதது நாற்பத்தொன்று.
விற்காததை வெட்டும் எந்திரத்தில் விடவேண்டும்,
எண்ண மரிசெல் பக்கத்தில் நிற்பாள்.
ரஷ்யத் தேனிலவு போயிற்று.
லக்னோ குடும்பம், பதினோரு பேர், ஒரே தாளில் போனார்கள்.
செல்லக்கிளி ஒட்டகத்தையும் கோபுரத்தையும் விட்டு
வெளியே வந்தாள்.
கண் மூடியிருந்தது
அந்த நேரத்துக்கு நல்லதாயிற்று.

நாற்பத்தொன்று, என்றாள் மரிசெல், கொட்டாவிக்குள்.
காலிச் சட்டகங்களைத் தட்டி அடுக்கினேன்.
ஓரம் மடங்காத ஒட்டகங்கள்
நாளைக்கு ஆகும்.